மத்தரின் வண்டிக்கு ஒட்டகக் கால்

பிதியாவில் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் மத்தர் பின் ஹுவைஷிலின் டயர் கடை இருக்கிறது. அடுத்த கதவு என் லேத் பட்டறை. ராமநாதபுரத்திலிருந்து வந்து பத்தொன்பது வருஷமாக இந்த ஓமான் நாட்டில் இரும்பு கடைந்துகொண்டிருக்கிறேன். அந்தப் பத்தொன்பது வருஷமும் மத்தரின் பேச்சு சுவரைத் தாண்டி என் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. லேத்தை அணைத்தால் சத்தம் நிற்கும். மத்தரை அணைக்க வழியில்லை.

அவருடைய தொழில் காற்று. மணலுக்குள் போகிற வண்டிகளின் டயரில் காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார். திரும்பி வரும்போது ஏற்றிவிடுவார். எடுத்ததற்கும் கூலி, கொடுத்ததற்கும் கூலி. இப்படி ஒரு பிழைப்பு உலகத்தில் வேறு யாருக்காவது வாய்த்திருக்கிறதா என்று தெரியவில்லை. காற்றழுத்தம் பார்க்கிற மீட்டர் கடையில் உண்டு, வாங்கின அட்டைப்பெட்டிக்குள்ளேயே உண்டு. அவர் டயரைக் குதிகாலால் ஓர் உதை விட்டுப் பார்ப்பார். "போதும்" என்றால் போதும்.

காற்று இறங்குகிற பத்து நிமிஷமும் வண்டிக்காரர் மத்தரின் பேச்சைக் கேட்டாக வேண்டும். "காரைக் கண்டுபிடிச்சவன் ஒட்டகத்தப் பாத்துக் காப்பியடிச்சவன்" என்பது அவர் கட்சி. ஒட்டகத்தின் கண்ணுக்குள் இன்னொரு இமை இருக்கிறது, மணல் விழுந்தால் குறுக்கே ஓடித் துடைத்துவிடும்; அதைத்தான் கண்ணாடியில் வைப்பர் என்று வைத்தார்கள். மணலில் கால் வைத்தால் பாதம் விரிகிறது, தூக்கினால் சுருங்குகிறது. அதைத்தான் நாம் காற்றை இறக்கிச் செய்கிறோம். இப்படியே போகும். மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு மணல் பார்க்க வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே குழந்தைகளை வண்டிக்குள் ஏற்றுவார்கள்.

பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை தன் சித்தப்பா மகன் நஸீபின் பிக்கப்பில் கை வைத்தார். ஒட்டகம் புழுதிக் காற்றில் மூக்கை மூடிக்கொள்கிறதாம், இஞ்சின் மட்டும் ஏன் திறந்த மூக்கோடு அலைய வேண்டும் என்று காற்றுக் குழாயின் வாயில் தோலால் ஒரு மூடி தைத்தார். வேகம் எடுத்ததும் மூடி உள்ளே உறிஞ்சப்பட்டு இறுக்கமாக மூடிக்கொண்டது. வண்டி மூச்சுத் திணறி நடுச்சாலையில் நின்றது. நஸீப் இறங்கி வந்து, "ஒட்டகம் மூக்க மூடுனா படுத்துக்கும்டா. ஓடாது" என்றார். அந்த ஒரு வாரம் மத்தர் டயரைப் பற்றி மட்டும் பேசினார்.

அவர் மனைவி கபீஷா ஊரில் இல்லை. மணலுக்குள் நான்கு முகடு தாண்டி, காஃப் மரங்கள் நிற்கிற ஒரு பள்ளத்தில் பதினோரு ஒட்டகம், முப்பது ஆடுகளோடு இருக்கிறாள். ஊரில் மகன் தானி கட்டின சிமெண்டு வீடு உண்டு, குளிர்சாதனம் உண்டு. அதில் மத்தர் தனியாகப் படுத்து எழுந்து, பக்கத்துக் கேரளாக்காரர் ஹோட்டலில் பரோட்டா சாப்பிடுகிறார். விடுமுறை நாளில்தான் கடையில் கூட்டம் என்பதால் மனைவியைப் பார்க்கப் போவது மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஒட்டகம் குட்டி போட்டால் உடனே போவார். நான் அதை வைத்துக் கேலி பண்ணியிருக்கிறேன். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை, "குட்டிய யாராச்சும் பாக்கணும்ல" என்பார்.

போன வருஷம் குளிர்காலத்தில் கபீஷாவின் கிணறு உப்பாகிவிட்டது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒட்டகம் இரண்டு நாள் பொறுத்துக் குடித்து, மூன்றாம் நாள் அதுவும் முகத்தைத் திருப்பியது. மணலுக்குள் போகிற பிக்கப்காரர்கள் ஆளுக்கு ஒரு டிரம் தண்ணீர் இறக்கிவிட்டுப் போனார்கள். பதினோரு ஒட்டகத்துக்கு டிரம் எந்த மூலைக்கு? தண்ணீர் லாரிக்காரர்களோ முதல் முகட்டைப் பார்த்ததும் கையை விரித்தார்கள்.

தானி மஸ்கட்டிலிருந்து வந்தான். நல்ல பையன்தான், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. என் பட்டறை வாசலில் நின்றுதான் அப்பாவிடம் பேசினான்.

"சூர் டவுன்ல ஒருத்தர் ஒட்டகத்த மொத்தமா எடுத்துக்கறேங்கறாரு. புதன்கிழம பாக்க வர்றாரு. அம்மா இங்க வந்துரட்டும்ப்பா."

"தண்ணி அங்க போய்ச் சேந்துட்டா?" என்றார் மத்தர்.

"எப்படிப் போகும்?"

"என் பழைய டேங்கர் லாரில."

"உங்க லாரி போன தடவ மொத முகட்டுலயே உக்காந்துருச்சு. மூணு பிக்கப் கட்டி இழுத்தாங்க. ஊரே சிரிச்சுச்சு."

"புதன்கிழமைக்குள்ள டேங்க் நெறைய தண்ணி அவ வாசல்ல நிக்கும். நின்னா ஒட்டகத்த விக்கக் கூடாது. நிக்கலன்னா நானே கயித்தப் புடிச்சுக் குடுக்கறேன்."

தானி சரி என்றான். சிரித்துக்கொண்டே சரி என்றான்.

அவன் போனதும் நான் கேட்டேன். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவங்க ஊருக்கு வந்தா உங்களுக்கு நல்லதுதானே? வீட்டுச் சோறு கெடைக்கும்."

மத்தர் ஒரு டயரை உதைத்துப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

"போன ரமதானுக்கு நாலு நாள் இங்க வந்து இருந்தா. நாலு நாளும் சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேணாங்கறா. ஒண்ணும் வேணாம்னு அவ வாயால நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல லேத்து. எனக்குப் பயமாப் போச்சு."

என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக நான் அவருக்கு லேத்துதான்.

மறுநாள் காலையில் என்னுடைய அளவு நாடாவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, நஸீபின் பிக்கப்பில் மணலுக்குள் போனார். சாயங்காலம் வந்து ஒரு தாளை என் மேஜையில் வைத்தார். ஸம்ஹா என்ற பெண் ஒட்டகத்தின் நான்கு பாதங்களையும் சுற்றிக் கோடு போட்டிருந்தார். தாளில் சாணி வாசனை அடித்தது.

"இத்தன வருசமா வாயால சொல்லிக்கிட்டிருந்தேன், கண்ணால பாக்கல" என்றார். "ரெண்டு சங்கதி. ஒண்ணு, ஒட்டகம் நடக்கறப்ப பின்னங்கால், முன்னங்கால் வச்ச தடத்து மேலயே விழுது. மணல் ஏற்கெனவே அமுங்கிக் கெடக்கு, பின்னங்காலுக்குப் பாதி வேல மிச்சம். என் லாரிக்குப் பின்னாடி ரெட்டச் சக்கரம். முன்சக்கரம் போட்ட தடம் ஒரு பக்கம், இது புதுசாத் தோண்டறது ஒரு பக்கம். ஒவ்வொரு சக்கரமும் அதது தனக்குன்னு குழி வெட்டுது. பின்னாடி ஒத்தச் சக்கரமாக்கி முன்சக்கரத்துக்கு நேராக் கொண்டுவந்து குடு."

எனக்கு முதல்முறையாக அவர் மேல் மரியாதை வந்தது. விஷயம் சரி. இரட்டைச் சக்கரம் தார்ச்சாலைக்கு அழகு. மணலில் அது கூடுதல் மண்வெட்டி.

"ரெண்டாவது?"

"முன்னங்கால் பெருசு, பின்னங்கால் சின்னது. நாலு விரக்கட வித்தியாசம். முன்னாடி அகல டயர் போடு, பின்னாடி குறுகல்."

இந்த இடத்தில் நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முதல் சங்கதி அவ்வளவு சரியாக இருந்ததால் இரண்டாவதும் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். அதோடு, இந்த ஊரில் ஒட்டகத்தைச் சந்தேகிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. என் மனைவியின் போனை எடுக்காமல் மூன்று நாள் ரிம்மை வெட்டினேன், ஒட்டினேன். பழைய ராணுவ வண்டியிலிருந்து இரண்டு அகல டயர் நஸீப் கொண்டுவந்தார். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதைச் செய்தாலும் பின்னால் மாற்றுகிற மாதிரி செய்வேன். நான்கு ரிம்முக்கும் ஒரே அளவு போல்ட் துளை போட்டேன்.

திங்கட்கிழமை காலை அறுநூறு காலன் தண்ணீரோடு புறப்பட்டோம். மத்தர் புது திஷ்தாஷா அங்கி போட்டிருந்தார், அத்தர் பூசியிருந்தார். தண்ணீர் லாரி ஓட்டப் போகிறாரா, பெண் பார்க்கப் போகிறாரா என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு ஏறு" என்றார்.

முதல் முகடு ஏறினோம். நான் கண்ணை மூடியிருந்தேன், திறந்தபோது மேலே நின்றோம். மத்தர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டாவதும் ஏறினோம். "ஒட்டகம் லேத்து, ஒட்டகம்" என்று அவர் மூன்றாவது முகட்டில் பாடத் தொடங்கிய நேரத்தில் லாரியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் ஆக்சில் வரை மணலுக்குள் போயிருந்தது, முன்சக்கரம் இரண்டும் மணல்மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

டேங்கின் மூடி சாய்வில் கசிந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து நஸீப் பிக்கப்பில் வந்து சேர்ந்தார். அப்பாடா, கயிறு வந்தது என்று நினைத்தேன். இந்த மணல்காரர்களோடு பத்தொன்பது வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. இங்கே இரண்டு பேர் சந்தித்தால் முதலில் சேதி விசாரிக்க வேண்டும். விசாரிக்கப்பட்டவர் சேதி ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது முடியாமல் நிஜச் சேதியைத் தொடக் கூடாது.

நஸீப் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். மத்தரும் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன சேதி?"

"சேதி ஒண்ணும் இல்ல. உன் பக்கம்?"

"ஒண்ணும் இல்ல. எல்லாரும் சுகம். உடம்பு?"

"அல்லா புண்ணியம். ஒட்டகமெல்லாம்?"

"சுகம். மழ கிழ?"

"இல்ல. வேற புதுசா ஏதாச்சும்?"

"புதுசா ஒண்ணும் இல்ல."

அவர்கள் தலைக்கு மேலே லாரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சட்டையைக் கழற்றி டேங்க் மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதற்குள் நஸீப் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினார். மூன்று கோப்பை முடிந்து, மத்தர் கோப்பையை ஆட்டிப் போதும் என்று காட்டின பிறகுதான், "லாரி கொஞ்சம் எறங்கின மாதிரி இருக்கே" என்றார் நஸீப். "கொஞ்சம்" என்றார் மத்தர்.

அப்போது முகட்டின் மேல் ஒட்டகத்தில் கபீஷா வந்தாள். லாரி சத்தம் கேட்டு, அது நின்றதும் என்னவென்று பார்க்க வந்திருக்கிறாள். முகத்தில் கறுப்பு முகமூடி, கண் மட்டும் தெரியும். நல்லவேளையாக அவள் சேதி விசாரிக்கவில்லை. ஸம்ஹாவை உட்கார வைத்து இறங்கி, லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வந்த தடத்தில் இருபது அடி பின்னால் நடந்து குனிந்து பார்த்தாள். மணலில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கிறவள், எந்த ஒட்டகம் சினை, எது நொண்டி என்று தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிறகு முகமூடிக்குள் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கியது.

"ஹுவைஷில் பெத்த புள்ளையே, பெரிய டயர ஏன் முன்னாடி போட்ட?"

"ஒட்டகத்துக்கு முன்னங்கால்தானே பெருசு? நீ பாக்கத்தானே அளந்தேன்."

"ஏன் பெருசு?"

மத்தர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"இத்தன நீளக் கழுத்து, தலை, நெஞ்சு எல்லாம் முன்னாடி தொங்குது. பாரம் அங்க. அதனால அங்க பெருசு" என்றாள். லாரியின் மூக்கைக் கையால் தட்டினாள். "இதுக்குக் கழுத்து எங்க இருக்கு? இதுக்குப் பூராவும் வயிறு. அதுவும் பின்னாடி. பின்பக்கமா நடக்கற ஒட்டகம் ஒண்ணு செஞ்சு வச்சிருக்க."

நஸீப் காபியைத் துப்பிவிட்டார். மூக்கு மூடி விஷயத்துக்கு அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்த பதில் இது என்று நினைக்கிறேன்.

மத்தரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தர் பூசிய மனிதர் மணலில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு குனிந்திருந்தார். அறுபது வருஷம் ஒட்டகத்தின் பெருமை பேசினவர், அதன் காலை மட்டும் அளந்துவிட்டு மேலே நிமிர்ந்து பார்க்காமல் விட்டுவிட்டார். சொல்லவும் முடியவில்லை, அளவு நாடா என்னுடையது.

"லேத்து, மாத்த முடியுமா?" என்றார் தணிந்த குரலில்.

"ஒரே போல்ட்டுதாண்ணே. முடியும்."

முடியும் என்று சொல்வது சுலபம். ஜாக்கி வைத்தால் ஜாக்கி மணலுக்குள் போனது. காஃப் மரக் கட்டை வைத்து அதன்மேல் ஜாக்கி வைத்தோம். பாரம் குறைக்கப் பாதித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. திறந்துவிடும்போது மத்தர் திரும்பி நின்றுகொண்டார். ஸம்ஹா மட்டும் குழாயடியில் வாயை வைத்து நிதானமாகக் குடித்தது. உச்சி வெயிலில் தொடங்கிய வேலை சாயங்கால அஸர் தொழுகைக்கு முடிந்தது. அகல டயர் பின்னால் போனது, குறுகல் முன்னால் வந்தது. ஆளில்லாமல், கயிறில்லாமல், லாரி தானாக எழுந்து நின்றது. மிச்சமிருந்த தண்ணீரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம்.

ஆனால் தானியிடம் கொடுத்த வாக்கு டேங்க் நிறையத் தண்ணீர். பாதி டேங்க்குக்கு ஏறினது முழு டேங்க்குக்கு ஏறுமா என்ற கவலையில் செவ்வாய்க்கிழமை முழுதும் மத்தர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்காரர்கள் ஏதோ குறைகிறதே என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்தார். முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு ஓர் அளவு, நான்கு தடவை மாற்றி மாற்றி வைத்தார். அந்த மீட்டரை அவர் கையில் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் எவ்வளவு பெரியது என்று உறைத்தது.

புதன்கிழமை நாங்கள் போனபோது சூர்க்காரர் கபீஷாவின் கூடாரத்து நிழலில் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தானி. ஒட்டகங்கள் வரிசையாக நின்றன, கழுத்தில் கயிறு போட்டாயிற்று. கபீஷா கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள், அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

நான்காவது முகட்டின் உச்சியில் மத்தர் லாரியை நிறுத்தினார். இது எதற்கு என்று கேட்டேன். "அவ பாக்கட்டும்" என்றார். பிறகு மெதுவாக இறக்கிக் கூடாரத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அறுநூறு காலனும் இருந்தது. தானி டேங்கின் மேல் ஏறி மூடியைத் திறந்து உள்ளே கை விட்டுப் பார்த்தான், சட்டைக் கை தோள் வரை நனைந்தது. இறங்கி வந்து சூர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் நல்ல மனிதர், இன்னும் நான்கு பேரீச்சம்பழம் தின்றுவிட்டுப் போனார்.

கபீஷா ஒட்டகங்களின் கழுத்துக் கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மத்தர் அவள் பின்னாலேயே நடந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை அவருக்கு.

"முழு டேங்க். ஒரு எடத்துல கூட நிக்கல. உனக்கும் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பதினஞ்சு நாளைக்குத் தாங்கும். நான் கணக்குப் பாத்துட்டேன்."

"அடுத்த வாட்டி பாதி கொண்டு வா" என்றாள் கபீஷா.

மத்தர் நின்றுவிட்டார். "ஏன்? டயர் தாங்கும். நீயே பாத்தியே, முழுசா ஏறுச்சே."

"பாத்தேன். பாதி கொண்டு வா."

"பாதி கொண்டு வந்தா ஏழு நாள்ல தீந்துரும். வாரா வாரம் வரணும் கபீஷா. கடையப் பூட்டணும், டீசல் வேற…"

"வாரா வாரம்னு தெரியுதுல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஒட்டகத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

மத்தர் லாரிப் பக்கம் திரும்பினார். தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"லேத்து, திங்கக்கெழம மட்டும் என் கடையப் பாத்துக்குவியா?"